முழங்கைக்கும் இடம் வேண்டும்

அந்தத் தெருவில் அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. எல்லோருக்கும் அவர் ‘அரை இஞ்சு’தான். சட்டையோ பாவாடையோ கோட்டோ, எதைத் தைத்தாலும் உள்பக்கம் தையலுக்கு அப்பால் அரை இஞ்சு துணியைக் கூடுதலாக விட்டுத்தான் தைப்பார். “இன்னிக்கு இருக்கிற உடம்பா நாளைக்கும் இருக்கப் போகுது? பிரிச்சு விட்டுக்கலாம்ல” என்பார். கொண்டுவந்த துணி பற்றவில்லை என்றால் நீளத்தைக் குறைப்பாரே ஒழிய, அந்த அரை இஞ்சில் கை வைக்க மாட்டார். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. அப்படி ஒருவர் கடைக்கு வந்து பொத்தானை மாட்டிக் காட்டிவிட்டால் போதும், அரை இஞ்சுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இன்னொரு பெருமையும் அவருக்கு இருந்தது. அவர் தைத்த துணி குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதற்குக் காரணம் கைராசி இல்லை, கெடுபிடி. அளவெடுக்கும்போது ஆள் மூச்சு விடுவதுகூட அவருக்குப் பிடிக்காது. “கையைக் கீழ விடுங்க, ஆடாதீங்க” என்று அதட்டுவார். ஆனால் ட்ரையலுக்கு வந்தால் கதை தலைகீழ். கையைத் தூக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், குனிந்து செருப்பு மாட்டுகிற மாதிரி நடிக்கச் சொல்வார். பெரிய அதிகாரிகள்கூட அவர் கடை நடுவில் ஒன்றும் புரியாமல் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்கள். ட்ரையல் முடியாமல் கடைசித் தையல் போட்டதாக அவர் வாழ்க்கையில் சரித்திரமே கிடையாது.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டார்.

வீடு அவர் சித்தப்பா விட்டுப்போனது. நகரத்தின் நட்ட நடுவில், மொத்த வியாபாரக் கடைகளுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு நிற்கும் பழைய மாடி வீடு. இரண்டு பக்கச் சுவரும் அக்கம்பக்கத்து வீடுகளோடு பொது. முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். கீழ்த்தளத்தைச் சித்தப்பா காகித வியாபாரி ஒருவருக்குக் கிடங்காக விட்டுவிட்டு மாடியில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளினார். அவர் போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, “வித்துத் தொலை” என்பதுதான். ஒழுகுகிற கூரை, ஈரம் ஊறிய சுவர், போதாக்குறைக்கு மரபுக் கட்டடம் என்று அரசாங்கம் முத்திரை வேறு குத்தியிருந்தது. முகப்பு, மாடிப்படி, முன்கூடத்துத் தரை, கல் வாசல்கள் எதையும் மாற்றக்கூடாது.

அரை இஞ்சுகூட முதலில் விற்கத்தான் நினைத்தார். அவர் மனத்தை மாற்றியது மகளுக்குக் கிடைத்த வேலை.

மகள் மத்தியப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நகரத்தில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் கால்களின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் அழுது முடித்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள், தேவைக்கு மேலேயே பேசுகிறாள். அவள் அம்மா, தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் இருப்பவள், மகளை ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுவாள்.

மகள் தங்கியிருந்தது நகரத்தின் மறுகோடியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில். பெற்றவர்கள் இருந்ததோ புறநகரில் மூன்றாம் மாடி வாடகை வீடு. பழைய வீடு பேருந்து நிலையத்துக்கு அடுத்த தெரு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் மகள் அறிவிப்பதை மாடி ஜன்னலில் நின்று கேட்கலாம். அரை இஞ்சு ஒருநாள் பூட்டைத் திறந்து, ஒட்டடைக்கு நடுவே மாடி ஏறி ஜன்னலைத் திறந்தபோது, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று அவள் குரல் வந்தது. அத்தோடு விற்கிற பேச்சு முடிந்தது.

மகளிடம் போய்ச் சொன்னார். அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் கறாராக ஒரு நிபந்தனையும் போட்டாள்.

“யாரையும் கூப்பிடாம வாசல்ல இருந்து என் ரூம் வரைக்கும் நானே வந்து போகணும்ப்பா. முடிஞ்சா பெட்டியோட வரேன். முடியலேன்னா ஞாயித்துக்கிழமை விருந்தாளியா வரேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“அவ்வளவுதானே, செஞ்சுட்டாப் போச்சு” என்றார் அரை இஞ்சு.

“பின்பக்கச் சந்து வழியா எல்லாம் வர மாட்டேன். நான் என்ன திருடியா?”

“முன்வாசல்தான் தாயே!”

முன்வாசலில் பிரச்சினை இல்லை. இரட்டைக் கதவு, ஆள் படுத்துக்கொண்டே போகலாம் என்கிற அகலம். படியும் ஒன்றே ஒன்றுதான், அதற்குச் சரிவாக ஒரு பலகை போட்டால் போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். முன்கூடத்தைத் தாண்டினால் ஒரு கல் வாசல், அதில் குறுகலாக ஒரு மரநிலை. அதற்கு அப்பால் கிடங்காக இருந்த இருட்டுப் பகுதி. அதைத் தடுத்து இடைவழி, அகலமான குளியலறை, சமையலறை, கடைசியில் வெளிச்சமும் காற்றும் வருகிற மாதிரி மகளுக்கு அறை என்று கட்ட வேண்டும். பெற்றவர்களுக்கு மாடி.

வேலையை எடுத்துக்கொண்ட மேஸ்திரி வாய் நிறையப் பேசுகிற மனிதர். எதைக் கேட்டாலும் “முடிச்சிடலாம் சார்” என்பார். மரபுக் கட்டட அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிற அம்மாவோ அதற்கு நேர்மாறு. எதன் பக்கம் யார் கை நீண்டாலும் “அதைத் தொடாதீங்க” என்பார். இரண்டாவது வருகையிலேயே மேஸ்திரி அவருக்குத் ‘தொடாதே அம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார். நேரில் மட்டும் பவ்யமாக மேடம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அம்மா சொன்னபடி செய்தபோதுதான் வீட்டுக்கு உயிர் வந்தது. கிடங்குக்காரர் அடித்திருந்த ஒட்டுப்பலகைக் கூரையைப் பிரித்ததும் மேலே கருகருவென்று உத்தரங்கள் வரிசையாகத் தெரிந்தன, ஒன்றில்கூடக் கரையான் இல்லை. கூடவே கொட்டிய தூசியில் மேஸ்திரி நாள் முழுக்கத் தும்மினார். ஈரச் சுவருக்குக் காரணம் பிற்பாடு யாரோ பூசிய சிமெண்ட் என்று அந்த அம்மா சொல்லி, அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூச வைத்தார். “சுவர் மூச்சு விடணும் சார்” என்றார். மூச்சுக்கு இடம் விடுவது அரை இஞ்சுக்குப் பிடித்த விஷயம், மறுபேச்சு பேசவில்லை. முன்கூடத்துப் பூக்கல் தரையில் உடைந்த இடங்களுக்கு, மாடிப்படிக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த முழுக் கற்களைப் பெயர்த்துப் பதித்தார்கள். சமையலறைக் கூரையில் ஒரு பகுதிக்குக் கண்ணாடி வந்தது. “பகல்ல லைட்டு போடாம காய் நறுக்கணும், எனக்கு அது போதும்” என்று மனைவி கேட்டது அது ஒன்றுதான். குளியலறையில் வாஷிங் மெஷினுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியபோது, வாங்காத மெஷினைப் பற்றி அவள் தபால் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இடைவழிக்கு அளவு எடுக்க அரை இஞ்சு தானே விடுதிக்குப் போனார். பார்வையாளர் கூடத்தில், மகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நாற்காலியின் அகலம், நீளம், திரும்பும் இடம் எல்லாம் அளந்தார்.

“கையை மடியில வச்சுக்கோ. ஆடாத.”

“அப்பா, சட்டைக்கா அளக்கறீங்க? கொஞ்சம் தாராளமாவே விடுங்க.”

“பக்கத்துக்கு அரை இஞ்சு விடறேன்ல!” என்றார் பெருமையாக. அவள் சிரித்துக்கொண்டே வண்டியைப் பிடிக்கப் போய்விட்டாள். வழக்கம்போல வாசல் வரை அவர்தான் தள்ளிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட நாள் முதல் அப்படித்தான். காலையில் கடை திறக்கும் முன்பு அவளைப் பள்ளியில் விட்டு, மாலையில் கூட்டி வருவார். மழையானாலும் வெயிலானாலும் அந்த நாற்காலியின் பிடி அவர் கையில்தான் இருக்கும். அவள் கல்லூரி விடுதிக்குப் போய்த் தானே சக்கரத்தைத் தள்ளப் பழகியதெல்லாம் அவர் கண்ணில் படாமல் நடந்தது. விடுமுறைக்கு வந்தால் வாடகை வீட்டில் நாற்காலியைத் திருப்பக்கூட இடம் கிடையாது, மறுபடி இவர்தான் தள்ளுவார்.

கீழ்த்தளம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்து வந்தார். விடுதியில் அடுத்த வருடமும் இருக்கிறாளா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் காட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. மனைவி கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்.

அரை இஞ்சு பின்னால் நின்று தள்ளினார். சரிவுப் பலகை, முன்கூடம், மரநிலை, இடைவழி, அறை. நாற்காலி எங்கேயும் உரசவில்லை. இரண்டு பக்கமும் சொல்லி வைத்த மாதிரி அரை இஞ்சு. மேஸ்திரி கை தட்டினார்.

“நல்லாருக்குப்பா” என்றாள் மகள், அறையைச் சுற்றிப் பார்த்து. உண்மையாகவே அவளுக்குப் பிடித்திருந்தது. “இப்ப நீங்க நகருங்க. நானே வந்து பாக்கறேன்.”

வாசலுக்குப் போனாள். அங்கிருந்து சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். முன்கூடத்தில் ஜம்மென்று வந்தாள். மரநிலைக்கு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். விரல் முட்டிகள் இரண்டு பக்கமும் இடித்தன. கைகளை எடுத்துவிட்டு, ஓர் உந்து உந்தி உருண்டு நிலையைத் தாண்டினாள். இடைவழிக்குள் வந்த பிறகு உந்தவும் வழியில்லை. சக்கரத்தைப் பிடித்தால் முழங்கை வெளியே வருகிறது, முழங்கை வந்தால் சுவர் இடிக்கிறது. பாதி வழியில் நின்றுவிட்டாள். ஒரு விரல் முட்டியில் தோல் பிய்ந்து லேசாக ரத்தம்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றாள் அறிவிப்புக் குரலில். “பின்னறை செல்லும் வண்டி இடைவழியில் நின்றுவிட்டது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவிக்கும் வந்து, கணவனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

“பரவாயில்லப்பா” என்றாள் மகள்.

அந்தப் பரவாயில்லைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“இதுக்கென்ன இப்ப? நான் தள்ளறேன். நான் கடையில இருந்தா உங்கம்மா தள்ளுவா.”

“அதுதாம்ப்பா பிரச்சினையே.”

“என்ன பிரச்சினை? இத்தனை வருஷமாத் தள்ளறேன். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா? சொல்லு!” அவர் குரல் உயர்ந்துவிட்டது.

“இல்லப்பா. ஒரு நாள்கூட இல்ல.” அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “அதனாலதான் உங்ககிட்ட இதைச் சொல்லவே முடியாமப் போச்சு.”

விடுதியில் இன்னொரு வருடத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவளை இடைவழியிலிருந்து வெளியே கொண்டுவர அப்பா பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் இருவர் மனமும் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரை இஞ்சு இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேஸ்திரி மேல் கோபம், தொடாதே அம்மா மேல் கோபம், செத்துப்போன சித்தப்பா மேல்கூடக் கோபம். மகள் மேலும் கொஞ்சம் இருந்தது. தள்ளிவிடுகிற கை வேண்டாமாம்! மனைவிதான் வாயைத் திறந்தாள்.

“பார்சல்ல அளவு தப்பா எழுதியிருந்தா, பார்சலைத் திட்டுவீங்களா?”

“நான் தப்பா அளக்கல. ஒரு நூல் பிசகல.”

“வண்டியை அளந்தீங்க. அவளை அளந்தீங்களா?”

அவர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஓர் ஆள் கோட்டுக்கு ட்ரையல் பார்க்க வந்தார். தடித்த உடம்பு, கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, “கச்சிதமா இருக்கு, அப்படியே முடிச்சுக் கொடுத்துடுங்க” என்றார்.

“நிக்கறப்ப எல்லாமே கச்சிதமாத்தான் இருக்கும். கையைத் தூக்குங்க” என்றார் அரை இஞ்சு வழக்கம்போல. அவர் தூக்கினார். அக்குளில் பிடித்தது. அரை இஞ்சு நீல சாக்கட்டியை எடுத்து, பிடித்த இடத்தில் ஒரு கோடு போட்டார். போட்ட கை அப்படியே நின்றது.

மகளை அவர் உட்கார வைத்து அளந்தார். கையை மடியில் வைக்கச் சொல்லி அளந்தார். ஆடாதே என்றார். நாற்காலியைப் பொறுத்தவரை அவர் மனத்தில் இருந்த மகள் எப்போதும் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறவள்தான், ஏனென்றால் பின்னால் அவர் இருந்தார். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் ட்ரையல் பார்த்துவிட்டுச் சொந்த மகளுக்கு நேராகக் கடைசித் தையல் போட்டுவிட்டார். அதுவும் செங்கல்லில்.

“என்ன சார், ரொம்பப் பிடிக்குதா?” என்றார் கோட்டுக்காரர், கையைத் தூக்கியபடியே.

“ரொம்பவே” என்றார் அரை இஞ்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை மறுபடி வரச் சொன்னார். அவள் தயங்கியபோது, “ட்ரையலுக்கு வா” என்றார். பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டச் சொல்லி, முழங்கைகளிலும் விரல் முட்டிகளிலும் நீல சாக்கட்டியை அழுத்தித் தேய்த்தார்.

“இப்ப வீடு பூரா சுத்து. எப்பவும் எப்படித் தள்ளுவியோ அப்படித் தள்ளு. இடிச்சுக்கோ, உரசிக்கோ. இடிக்கிற இடமெல்லாம் எனக்கு வேணும்.”

“சுவரெல்லாம் புதுசுப்பா.”

“இருந்துட்டுப் போகுது.”

அவள் கிளம்பினாள். மாட்டிக்கொண்டால் பின்வாங்கி, வேறு கோணத்தில் வந்து, மறுபடி இடித்து, வேகமாகவும் மெதுவாகவும் போனாள். அரை இஞ்சு பின்னாலேயே போனார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கட்டாவிட்டால் கை தானாக நாற்காலிப் பிடிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். முதல் தடவையாக அவள் தோளையும் முழங்கையையும் நின்று பார்த்தார். தள்ளும்போது தோள் எவ்வளவு இறங்குகிறது, திரும்பும்போது எந்தக் கை அகலமாக விரிகிறது என்று பார்த்தார். எவ்வளவு பலம் இந்தப் பெண்ணுக்கு! இதை இத்தனை வருடம் பார்க்காமலே இருந்துவிட்டோமே என்று நினைத்தார்.

அவள் சுற்றி முடித்தபோது வெள்ளைச் சுவர் முழுக்க நீலக் கீறல்கள். மேஸ்திரி பேயறைந்த மாதிரி நின்றார்.

“சார், பூச்சு இன்னும் காயக்கூட இல்ல.”

“அதுவும் நல்லதுதான். காயறதுக்குள்ள பிரிச்சா சுலபம்.” அரை இஞ்சு தரையில் மண்டியிட்டுக் கோடு போட்டார். குளியலறைச் சுவர் ஒரு சாண் உள்ளே போக வேண்டும். அறைக்குத் திரும்புகிற முனையில் சட்டைக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி வளைவாக ஒரு கோடு.

“சுவரை வளைச்சா கட்டணும்?”

“ஏன், முடியாதா?”

“முடிச்சிடலாம் சார்” என்றார் மேஸ்திரி, வாய்ப்பழக்கத்தில். சொன்ன பிறகுதான் தலையில் கை வைத்தார்.

“கோட்டுக்கு அப்பால இன்னும் அரை இஞ்சு விடுங்க.”

“இது எதுக்கு சார்?”

“நாளைக்கே வேற வண்டி வாங்குவா.”

ஒரு சாண் உள்ளே போனால் வாஷிங் மெஷின் மூலை காலி. எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். “என்னை ஏன் பாக்கறீங்க? அது மாடிக்குப் போகட்டும். வராத மெஷினுக்கு வீட்டுல இடம் இருக்கு, வர்ற பொண்ணுக்கு இல்லையா?” என்றாள்.

மிச்சம் இருந்தது மரநிலைதான். அதில்தான் நீலம் அதிகமாக அப்பியிருந்தது. அது கல் வாசலோடு சேர்ந்தது, கல் வாசலைத் தொடக்கூடாது. சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் அந்த ஓட்டை பெரிதாகாவிட்டால் எல்லாம் வீண். மறுநாள் தொடாதே அம்மா வருவதாக இருந்தது. வேலைக்குப் போகுமுன் வந்துவிடுகிறேன் என்று மகளும் சொன்னாள்.

அந்த அம்மா உள்ளே நுழைந்ததுமே நின்றார். “யாரு இந்த நிலையில கோடு போட்டது?”

அரை இஞ்சு முன்னால் வந்தார். “என் பொண்ணோட முழங்கை மேடம்” என்றார்.

மகள் வாசலிலிருந்து சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ‘டக்.’ பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். ‘டக்.’

“வாசலை அகலப்படுத்த முடியாது” என்றார் அந்த அம்மா. “அது என் கையில இல்ல. கல்லை வெட்டினா அவ்வளவுதான்.”

“தெரியும் மேடம்” என்றாள் மகள். “இடிக்கற இடத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடுங்க.”

அந்த அம்மா குனிந்து பார்த்தார். மரத்தைத் தட்டினார். முகம் மாறியது. பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நிலையின் ஓரத்தில் வண்ணத்தைச் சுரண்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ பூச்சு. கடைசியில் மரம் வந்தது, லேசான மலிவு மரம். மேலே இருக்கும் உத்தரத்தின் மரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மேஸ்திரியை அழைத்து ஒரு பக்கக் கட்டையை நெம்பச் சொன்னார். கட்டை விலகியதும் உள்ளே கல் தெரிந்தது, வழவழப்பாக, முழங்கால் உயரத்தில் நீளமாகத் தேய்ந்த ஒரு பள்ளத்தோடு.

“இது வண்டி உரசின தழும்பு” என்றார். விரலால் தடவினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “சரக்கு வண்டி வாசல்ல இருந்து நேரா உள்ள வந்திருக்கு. சக்கரத்தோட நடுவுல இருக்கிற குடம் இடிச்சு இடிச்சுத் தேஞ்சிருக்கு. இந்த நிலை ரொம்பப் பிற்பாடு யாரோ கதவு போடறதுக்காகச் செருகினது.” பிறகு நாற்காலியைப் பார்த்தார். “இந்த வீடே சக்கரத்துக்குக் கட்டினதும்மா.”

“அப்ப நான் இடிச்சதுல தப்பில்ல. எனக்கு முன்னாடியே இடிச்சிருக்காங்க” என்றாள் மகள்.

“கட்டையை எடுத்துடுங்க” என்றார் அந்த அம்மா மேஸ்திரியிடம். “கல்லைத் தொடாதீங்க.”

மேஸ்திரி அன்றைக்கு மட்டும் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை.

சுவர் பிரிந்து, நகர்ந்து, வளைந்து எழுந்தது. மறுபடி சுண்ணாம்பு பூசி, அது காயக் காத்திருந்தார்கள். இதற்குள் மாதக் கடைசி நெருங்கிவிட்டது. விடுதியில் என்ன சொன்னாள் என்று அரை இஞ்சு கேட்கவில்லை. கேட்டால் வற்புறுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். ட்ரையலுக்கு எப்போது வருகிறாய் என்றுகூடக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவி கேட்டதற்கு, “பாக்கலாம்மா” என்று மட்டும் பதில் வந்ததாம். அந்தப் ‘பாக்கலாம்’ என்பதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை.

பெற்றவர்கள் மாடிக்குக் குடிவந்துவிட்டார்கள். தையல் மெஷினும் கடையிலிருந்து முன்கூடத்து ஜன்னலோரத்துக்கு வந்துவிட்டது. ஒருநாள் பிற்பகல் அவர் அதில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் அடித்தது. மகளின் குரல் எட்டாம் நடைமேடைப் பயணிகளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் நின்று வேறொரு பெண்ணின் குரல் வந்தது. வேலை முடிந்தது, இனி விடுதி வண்டியைப் பிடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்தார்.

சரிவுப் பலகையில் சக்கரம் ஏறுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்கும் முன்பே கால் தானாக எழப் பார்த்தது. பிடித்து உட்கார வைத்தார். துணியை ஊசிக்குக் கீழே கொடுத்து மெஷினை ஓட்டினார். ஏற்கெனவே தைத்த தையல்தான், அதன்மேலேயே இன்னொரு தடவை. சக்கரம் அவர் முதுகுக்குப் பின்னால் பூக்கல் தரையைக் கடந்தது. கல் வாசலில் சத்தமில்லை. இடைவழியில் சீராக உருண்டது, முனையில் திரும்பியது. பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் போடுகிற சத்தமும் கேட்டது. சொந்த அறையில் ஒரு பெண் தாழ் போட்டுக்கொள்கிற சத்தம் ஒரு தகப்பனுக்கு இவ்வளவு இனிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

சற்று நேரத்தில் கதவு திறந்து அவள் திரும்பி வந்தாள். மெஷினுக்கு எதிரே நாற்காலியை நிறுத்தி இரண்டு முழங்கைகளையும் தூக்கிக் காட்டினாள். வெள்ளைச் சட்டையின் முழங்கைகளில் நீல சாக்கட்டி அப்பியிருந்தது. எங்கிருந்தோ வாங்கி, தானே தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். தேய்த்தது தேய்த்தபடி அழியாமல் இருந்தது. அரை இஞ்சு எழுந்துபோய் இடைவழியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை.

திரும்பி வந்தபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்பதுகூடத் தெரியவில்லை.

“அப்பா” என்றாள் மகள். “காலையிலேயே விடுதியைக் காலி பண்ணிட்டேன். பெட்டி ரெண்டும் வாசல்ல வண்டியில இருக்கு. அதை மட்டும் என்னால தூக்க முடியாது. நீங்கதான் தூக்கிட்டு வரணும்.”

அரை இஞ்சு செருப்புக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடினார்.